கொழுந்துத் தராசும் ஆள் தராசும்

இலங்கை மலையகத்தின் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுவை நடக்கும். தராசில் ஏறுவது அவளுடைய கொழுந்து. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்தது போக மிஞ்சும் கிலோவை வைத்துத்தான் அன்றைக்கு முழுநாள் சம்பளம் தரும் முழுப்பேரா, பாதி தரும் அரைப்பேரா என்பது முடிவாகும். இலக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பதினெட்டுக் கிலோ என்பது பரவலாக அடிபடும் கணக்கு. அந்தக் கிலோவில் மலையின் செங்குத்து தெரியாது. உரம் காணாத செடி தெரியாது. முதல்நாள் இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த பிள்ளையும் தெரியாது. தொழிற்சங்க மேடைகளில் இதைப் பல தசாப்தங்களாகப் பேசியிருக்கிறோம். ஆனால் அதே பெண் கிளினிக்கில் ஆள் நிறுக்கும் தராசில் ஏறும்போது, அங்கே விழும் எண்ணை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.

சீனி வருத்தத்துக்காக நடக்கச் சொல்லப்பட்டவர், ஹட்டனில் ஜிம்முக்குப் போகும் இளைஞர், பிரசவத்துக்குப் பிறகு பழைய உடம்புக்குத் திரும்ப விரும்பும் தாய் என்று எல்லோரும் பார்ப்பது அந்த ஒரே எண்ணைத்தான். இறங்கினால் மகிழ்ச்சி, இறங்காவிட்டால் சோர்வு, ஒரு மாதத்தில் பயிற்சியே நின்றுபோகிறது. உடம்பு தேறுகிறதா இல்லையா என்று அறிய உண்மையில் எதை அளக்கவேண்டும்? மலையகத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. குருதிச்சோகையும் சீனி வருத்தமும் ஒரே லயத்தில், சில வேளை ஒரே காம்பராவில், பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இடம் இது. தராசு இங்கே இரண்டு பக்கமும் பிழையாகப் பேசும் என்பதுதான் என் வாதம். மெலிந்தவரைப் பார்த்து "உனக்கு ஒன்றுமில்லை" என்கிறது. நன்றாகத் தேறிவரும் ஒருவரைப் பார்த்து "நீ ஒன்றும் சாதிக்கவில்லை" என்கிறது.

நிறை என்பது மொத்தத் தொகை. எலும்பு, தசை, கொழுப்பு, குருதி, குடலில் கிடக்கும் காலை ரொட்டி, எல்லாவற்றையும் கூட்டி வருவது. இதில் நீர் மட்டுமே ஒரு நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கக்கூடும். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் ஒட்டிக்கொள்வதால், பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் நிறை இறங்காமல் நிற்பதும் சற்று ஏறுவதும் வழக்கம். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் உப்பு நீரைப் பிடித்துவைக்கும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படித்தான். கொழுப்பு குறைந்து அதே அளவு தசை கூடினால் எண் அசையவே அசையாது. ஆளோ வேறு ஆளாகியிருப்பார்.

நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடற்திணிவுச் சுட்டி இந்தக் குறையைத் தீர்க்கும் என்று நினைப்பவர் பலர். அந்தச் சூத்திரத்தின் பிறப்பைப் பார்த்தால் நம்பிக்கை குறையும். 1832இல் அதை முன்வைத்த பெல்ஜியக் கணிதவியலாளர் அடொல்ப் குவெட்டலே சராசரி மனிதனின் அளவுகளைத் தேடிய புள்ளிவிபரக்காரர். நோயாளிகளைப் பார்த்த வைத்தியர் அல்லர். அன்செல் கீஸ் 1972இல் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தபோதும் மக்கள் கூட்டங்களை ஒப்பிடும் கருவியாகவே கண்டார். ஆயிரம் பேரைப் பற்றிப் பேச உதவும் எண், ஒரு தனி ஆளின் உடம்புக்குள் நுழைந்து பார்க்காது.

எவ்வளவு பார்க்காது என்பதற்கு ஒரு படம் உண்டு. 2004இல் லான்செட் சஞ்சிகையில் இரண்டு வைத்தியர்கள் தங்களையே சாட்சியாக நிறுத்தினார்கள். ஒருவர் புனே கே.ஈ.எம். வைத்தியசாலையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இலண்டனின் ஜோன் யட்கின். இருவருக்கும் சுட்டி 22.3. எக்ஸ்ரே முறையில் உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தராசும் உயரக்கோலும் ஒரே ஆள் என்று சொன்ன இருவரில் ஒருவர் மற்றவரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பைச் சுமந்துகொண்டிருந்தார். தெற்காசியருக்குக் கைகால் மெலிந்திருக்க வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் போக்கு உண்டு. அதனால்தான் அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 25 வரை காத்திராமல் 23இலேயே விழித்துக்கொள்ளச் சொன்னது.

நிறை இறங்காவிட்டால் உழைப்பு வீண் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தே மறுப்பு இருக்கிறது. சென்னையில் வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சீனி வருத்தத்தின் விளிம்பில் நின்ற 531 பேர் மூன்று ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். வழமையான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 வீதத்தினருக்கு நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் இரண்டையும் கடைப்பிடித்தவர்களில் அது 39.3 வீதம். அந்த இரண்டாவது கூட்டத்தின் சராசரி நிறை குறையவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. தராசைக் கேட்டிருந்தால் மூன்று ஆண்டுகளும் தோல்வி என்றே சொல்லியிருக்கும். ஏற்கெனவே சீனி வருத்தம் வந்தவர்களிடமும் இதே கதைதான். பல பயிற்சிச் சோதனைகளைத் தொகுத்து 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த பகுப்பாய்வில், உடற்பயிற்சி செய்தவர்களின் மூன்று மாதச் சீனிக் கணக்கு, அதாவது எச்.பி.ஏ.1.சி., ஏறத்தாழ 0.66 புள்ளி கீழே வந்தது. நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. தசை வேலை செய்யும்போது குருதியிலிருந்து சீனியை இழுத்துக்கொள்கிறது. அதற்கு ஆள் மெலியவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

இனி தேயிலை மலைக்கு வருவோம். உடற்தகுதியை நிறைக்கு அப்பால் அளந்த முயற்சிகளில் நமக்கு மிக நெருக்கமானது இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் 1970களில் நடந்தது. நம்மில் பலர் கேள்விப்பட்டிராத கதை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த உடற்றொழிலியலாளர் ரெஜி எட்ஜர்டன், அவருடைய சகாக்களான கார்ட்னர், ஒஹிரா முதலானோர், இலங்கையிலிருந்து வைத்தியர் பிரையன் செனவிரத்ன ஆகியோர் இதில் சேர்ந்து உழைத்தார்கள். 1977இல் வெளியான முதல் ஆய்வில் 75 பெண்களை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். அவர்களுடைய ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு ஆறு கிராமுக்குச் சற்று மேலிருந்து பதினைந்து கிராமுக்கு மேல்வரை பரந்திருந்தது. அளந்தவை எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, குருதியில் லாக்டேட் எவ்வளவு சேர்கிறது என்பவை. ஹீமோகுளோபின் குறையக் குறைய நடக்கும் நேரம் சுருங்கியது. ஒரே வேலைக்கு இதயம் கூடுதலாக ஓடவேண்டியிருந்தது. மிகக் குறைந்த ஹீமோகுளோபின் கொண்டவர்கள் கடைசிப் படித்தரத்துச் சாய்வை எட்டவே இல்லை.

ஒரு லீற்றர் குருதி எவ்வளவு ஒட்சிசனைத் தூக்கிச் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது ஹீமோகுளோபின். அது பாதியாகக் குறைந்தால் இதயம் இரட்டிப்பு வேலை செய்து ஈடுகட்டப் பார்க்கும். சமதரையில் அது ஓரளவுக்குக் கைகொடுக்கும். கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறும்போது இதயத்திடம் மிச்சம் வைத்த வேகம் ஏதும் இருக்காது. "ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது" என்று தோட்டப் பெண்கள் சொல்வதை வயசு என்றும் சோம்பல் என்றும் தள்ளிவிட்டவர்கள் பலர். ட்ரெட்மில் அந்தப் பேச்சை எண்ணாக்கிக் கொடுத்தது.

இரண்டாவது ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து வில்லை, மறுபகுதியினருக்கு மருந்தில்லாப் போலி வில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதல் கொழுந்து பறித்தார்கள். ஆறு முதல் ஒன்பது கிராம் வரை இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிகப் பெரிது. இதுவரை கேட்டால் இது தோட்டத் துரைக்குப் பிடித்த கண்டுபிடிப்பு: வில்லை கொடு, கிலோ கூடும். எனக்கு இதில் மனம் ஒப்புவதில்லை. மனிதரின் நலத்தையும் கொழுந்துத் தராசிலேயே நிறுத்திவிட்டோமே என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. உடலசைவைப் பதியும் கருவிகளைச் சிலரிடம் பொருத்தி, வில்லை கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நான்கு மணி நேரமோ இருபத்துநான்கு மணி நேரமோ தொடர்ந்து பதிந்தார்கள். இரும்புச்சத்துக்குப் பிறகு நாளின் மொத்த அசைவே கூடியிருந்தது. இன்று கையில் கட்டும் கடிகாரம் செய்யும் வேலையை 1970களிலேயே தேயிலைத் தோட்டத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். குருதிச்சோகை நீங்கிய பெண்ணிடம் கூடுவது கொழுந்து மட்டுமென்றால் இலாபம் தோட்டத்துக்கு. முழு நாளின் அசைவும் கூடியதென்றால் அதில் ஒரு பங்கு அவளுக்கும் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

அதே ஆண்டில் இந்தோனேசிய இறப்பர் தோட்டங்களிலிருந்தும் இதே மாதிரி முடிவு வந்தது. அங்கே பயன்படுத்தியது ட்ரெட்மில் அல்ல, ஹார்வர்ட் படிச் சோதனை: 1943இல் லூசியன் புரூகா வகுத்த, ஒரு மேடைப் படியும் கடிகாரமும் மட்டும் வேண்டிய எளிய சோதனை. இரும்புச்சத்து பெற்றவர்கள் அதில் தேறினார்கள், இறப்பர் பாலும் கூடுதலாக எடுத்தார்கள்.

ஆகவே நோர்வூட்டில் ஒரு பெண் தன் உடற்தகுதியை அறிய விரும்பினால், இடுப்பு நாடாவுக்கும் முன்னால் பார்க்கவேண்டிய எண் ஹீமோகுளோபின் என்பேன். கருவுறாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் குருதிச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆயிரம் மீற்றருக்கு மேல் வாழ்பவர்களுக்கு இந்த எல்லை இன்னும் சற்று உயரும், ஏனென்றால் உயரத்தில் உடம்பு கூடுதல் ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்ளும். குருதியில்லாதவரிடம் "இன்னும் வேகமாக நட" என்று சொல்வது கொடுமை. இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொல்லும்போது சிரிப்பும் வரும்: சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. உலகத்துக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் கைகள் ரொட்டியோடு பிளேன்டீ குடித்துத் தம் இரும்பைத் தாமே தடுத்துக்கொள்கின்றன. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, கறிக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டால் நிலைமை ஓரளவு மாறும்.

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குபவளுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதை முதலில் எண்ணிக் காட்டியவர் பிரித்தானிய ஆய்வாளர் ஜெரி மொரிஸ். 1953இல் இலண்டன் இரட்டைத் தட்டு பஸ்களின் சாரதிகளையும், நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களையும் ஒப்பிட்டு, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். மூன்று ஆண்டு கழித்து அவர் செய்தது இன்னும் சுவையானது. பஸ்காரர்களின் சீருடைக் காற்சட்டை அளவுகளை எடுத்து இடுப்புச் சுற்றளவை ஆராய்ந்தார். சாரதிகளின் காற்சட்டைகள் பெரியவை. தையற்காரரின் கணக்குப் புத்தகமும் மருத்துவச் சான்றாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் பின்னாளில் டென்மார்க்கின் அந்திரேயாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் ஒரு முரண்பாட்டைச் சுட்டினார்கள். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவு ஆயுளைக் கூட்டுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்பு அப்படிக் கூட்டுவதில்லை. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், கடும் உடலுழைப்பு வேலை பார்த்த ஆண்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 வீதம் கூடியிருந்தது; பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் தரும் விளக்கம் தோட்டத்தில் நிற்பவர்களுக்கு உடனே புரியும். வேலையின் அசைவு நீண்டது, ஒரே மாதிரியானது. உடம்பு நிமிர்ந்து மூச்சு வாங்க இடைவேளை இல்லாதது. அடுத்த நாளைக்குள் தேறவும் விடாதது. பயிற்சி என்பது சிரமமும் ஓய்வும் சேர்ந்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடியற்காலையில் எழுந்து, மாலையில் வந்து விறகும் தண்ணீரும் பார்த்து, ராத்திரி ரொட்டி தட்டுபவளுக்குச் சிரமம் மட்டும் கிடைக்கிறது. அவளுடைய முன்னேற்றத்தைத் தூக்கத்தின் மணிக்கணக்கிலும், காலையில் படுக்கையிலேயே எண்ணும் நாடித்துடிப்பிலும் தேடவேண்டும். நன்றாக ஓய்ந்த உடம்பில் அந்தத் துடிப்பு வாரத்துக்கு வாரம் நிலையாக நிற்கும் அல்லது மெல்ல இறங்கும். காரணமில்லாமல் ஏறினால் களைப்போ காய்ச்சலோ குருதிக் குறைவோ என்று பார்க்கவேண்டும்.

இப்போது நாடா. இடுப்பளவு எளிது, மலிவு, வயிற்றுக் கொழுப்பைத் தராசைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்ற எல்லை பரவலாக வழங்குகிறது. மலையகத்துக்கு இதிலும் ஒரு திருத்தம் தேவை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்று சொல்லிவிடலாம். இந்தப் பிள்ளைகளைத் தராசு மட்டும் வைத்துப் பார்த்தால் பலர் தப்பிப்போவார்கள், ஏனென்றால் குட்டையான பிள்ளை தன் உயரத்துக்கு ஏற்ற நிறையோடு உருண்டையாகவே தெரியும். வளர்ந்த பிறகும் அவர்கள் உயரம் குறைந்தவர்களே. 145 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கும் 165 உள்ளவளுக்கும் ஒரே 80 என்பது எப்படிப் பொருந்தும்? இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற கணக்கு இங்கே பொருத்தமானது. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனமும் 2022இல் இதைத் தன் வழிகாட்டலில் சேர்த்தது. 145 உயரத்துக்கு எல்லை 72.5. நாடாவே இல்லாவிட்டால் ஒரு கயிற்றால் உயரத்தை அளந்து, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பார்த்தால் போதும்; முனைகள் சேரவேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்கவேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பவர்கள் தங்களைத்தான் ஏமாற்றுகிறார்கள்.

பிறக்கும்போது மெலிந்து, பிள்ளைப் பருவத்தில் வளராமல், பின்னால் கொழும்புக் கடையில் வேலைக்குப் போய் உடம்பு போடும் இளைஞருக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது யாஜ்னிக் போன்றவர்களின் ஆய்வுகள் தரும் எச்சரிக்கை. தீபாவளிக்கு ஊர் வரும் அந்தப் பையனைப் பார்த்து "உடம்பு போட்டிருக்கு, நல்லா இருக்கான்" என்று வாயாரச் சொல்வோம். ஐந்து கிலோ எங்கே ஏறியது என்று கயிறு சொல்லும்.

மூச்சும் காலும் எப்படி இருக்கின்றன என்று அளக்க நோர்வூட்காரருக்கு இயந்திரம் வேண்டியதில்லை, மலை இருக்கிறது. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. மாதத்தில் ஒரு நாள், கையில் சுமை இல்லாமல், வழக்கமான வேகத்தில் ஏறி எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளலாம். உச்சியில் நின்று நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கவேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி. நாடி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது இதயத் தகுதியின் நல்ல அடையாளம். அமெரிக்காவில் ட்ரெட்மில் சோதனைக்கு வந்தவர்களை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வொன்றில், முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களுக்கு அடுத்த ஆண்டுகளில் ஆபத்து கூடியிருந்தது. மலைப்பாதையில் அந்த எல்லையை அப்படியே பொருத்திப் பயப்படத் தேவையில்லை. சென்ற மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிடுவதே பயன். ஒரே நேரம், ஒரே பாதை, ஏறுவதற்கு முன் தேத்தண்ணீர் இல்லை. இவற்றைக் காப்பாற்றினால் போதும். ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ இடது கை வலியோ தலைச்சுற்றோ வந்தால் சோதனையை விட்டுவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும்.

ஆண்டுக்கொரு பெரிய சோதனையும் நம் வாசலிலேயே இருக்கிறது. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறி 2,243 மீற்றர் உயரத்தை எட்டுகிறார்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் நோர்வூட் வழியாக எத்தனை பஸ் போகிறது! போன வருடம் எத்தனை இடத்தில் உட்கார்ந்தோம், இந்த வருடம் எத்தனை, மறுநாள் படி இறங்க முழங்கால் விட்டதா என்று பேசிக்கொள்வது பக்தர்களின் வழக்கம். அது நல்ல உடற்தகுதிப் பதிவு.

வலிமையை அளப்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2015இல் சொன்ன செய்தி: கைப்பிடி வலிமை ஐந்து கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் மரண ஆபத்து 16 வீதம் கூடியது, இறப்பை முன்கூட்டிக் காட்டுவதில் பிரஷரின் மேல் எண்ணைவிடப் பிடி வலிமை கூர்மையாக இருந்தது. பிடியை அளக்கும் கருவி நம் கிளினிக்குகளில் தேடினாலும் அகப்படாது. அதற்கு மாற்றாக ஒரு கதிரை போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரவேண்டும். தசை இழப்பு பற்றிய ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த எல்லைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் கால்கள் வலுவிழந்திருக்கின்றன. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் இது நிறையைவிடப் பலமடங்கு முக்கியம். முதுமையில் தானாக இறங்கும் கிலோ பெரும்பாலும் தசையிலிருந்தே போகிறது. ஹட்டன் ஜிம்முக்குப் போகும் தம்பிமாருக்கும் இதே அறிவுரைதான், அளவு மட்டும் வேறு: தூக்கும் பாரமும் எண்ணிக்கையும் ஏறி, இடுப்பு ஏறாமல் நின்றால், நிறை மூன்று கிலோ கூடியது நல்ல செய்தி.

போனில் காட்டும் காலடிக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. பத்தாயிரம் காலடி என்ற இலக்கு 1960களில் யப்பானில் ஒரு காலடிமானியை விற்க வந்த விளம்பரத்தின் பிள்ளை. 2022இல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி அறுபது வயதுக்குக் கீழே எட்டாயிரம் முதல் பத்தாயிரம், அதற்கு மேலே ஆறாயிரம் முதல் எட்டாயிரம் வரை போனாலே பலன் ஏறத்தாழ நிறைவடைகிறது. சமதளமான கொழும்பு வீதியில் வைக்கும் அடியும் மலையில் ஏறும் அடியும் போனுக்கு ஒன்றுதான் என்பதால் நமக்கு அந்த எண் குறைத்தே சொல்லும். வெறுங்காலில் நின்றால் கொழுப்பு வீதம் சொல்லும் மின்தராசுகள் உடம்பின் நீரைப் பொறுத்து மாறிமாறிப் பேசுபவை. அவற்றுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

தராசை வீசிவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் மாதாந்த நிறை கட்டாயம். இதய நோயாளிக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது உடம்பில் நீர் தேங்குவதன் முன்னறிவிப்பு. முயற்சி செய்யாமலே நிறை இறங்கிக்கொண்டிருந்தால் காசநோய், சீனி வருத்தம், புற்றுநோய் ஆகியவற்றைத் தேடவேண்டும். சீனி வருத்தத்தில் மெலிந்துகொண்டிருப்பவரைப் பார்த்து "நடந்து நடந்து நல்லா இளைச்சிட்டீங்க" என்று பாராட்டுவது நடக்கிற காரியம், ஆபத்தான காரியமும்கூட.

மருத்துவ வசதி முன்பைவிட அருகில் வந்திருக்கிறது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே 12இல் திறக்கப்பட்டது; அதே நாளில் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் பேசியது பலருக்கு நினைவிருக்கும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை அரசாங்கம் 2011இலிருந்து நடத்திவருகிறது. அங்கே நிறை, உயரம், பிரஷர், சீனி பார்க்கிறார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த வரிசையில் ஹீமோகுளோபினும் இடுப்பளவும் ஒவ்வொரு முறையும் சேரவேண்டும். சம்பள நாள் போய்விடும் என்று பயந்து அவள் அந்தப் பக்கமே வராமலிருப்பதுதான் பெரிய தடை. பரிசோதனை நாளுக்கு முழுப்பேர் போடச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும். கிலோ பற்றிப் பேசும் அதே மேசையில் இதையும் வைக்கலாம்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது தராசிலிருந்து இறங்கியதும் திரும்பிவிடாதீர்கள். "ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு?" என்று கேட்டு உங்கள் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே, குறுக்குப் பாதை ஏற எத்தனை நிமிடம் ஆனது என்பதை நீங்களே எழுதிவையுங்கள்.